பிஎச்பி பல்லிழை இயக்கச்சூழல்

பிஎச்பி பல்லிழை இயக்கச்சூழல் என்பது பிஎச்பி நிரலாக்க மொழியின் மொழிமாற்றி, ஒரே செயலாக்கத்தினுள் பல இழைகளில் ஒரே நேரத்தில் இயங்கும்படி அமைக்கப்பட்ட வடிவம் ஆகும். பிஎச்பி உருவாக்குநர்களிடையே இது ஜென்ட் இழைப் பாதுகாப்பு என்றும் சுருக்கமாக இசட்.டி.எஸ். என்றும் வழங்கப்படுகின்றது. 2000 ஆம் ஆண்டு வெளிவந்த பிஎச்பி 4 இல் இது முதன்முதலில் இடம்பெற்றது. ஒரே மூலநிரலிலிருந்து, தொகுக்கும்போது கொடுக்கப்படும் தெரிவைப் பொறுத்து, இழைப் பாதுகாப்பு உள்ள பிஎச்பியோ இல்லாத பிஎச்பியோ கிடைக்கும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஒன்றிற்காகத் தொகுக்கப்பட்ட நீட்சியை மற்றொன்றில் ஏற்ற இயலாது.

பிஎச்பி நிரல் எழுதுபவருக்கு இவ்வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. மொழியின் இலக்கணத்தில் எம்மாற்றமும் இல்லை. வேறுபாடு முழுவதும் சி மொழியில் எழுதப்பட்ட மொழிமாற்றியின் உள்ளேயே உள்ளது. இழைகளைப் பற்றிய எண்ணமே இல்லாமல் தொடங்கிய ஒரு மென்பொருளைப் பிற்காலத்தில் பல்லிழைக்கு ஏற்றதாக மாற்றுவது எத்தகைய பணி என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

செயலாக்கமும் இழையும்

இயங்குதளம் ஒரு நிரலை இயக்கும்போது அதற்கெனத் தனி நினைவகப் பரப்பை ஒதுக்குகின்றது. இது செயலாக்கம் எனப்படும். ஒரு செயலாக்கம் மற்றொன்றின் நினைவகத்தைப் பார்க்க இயலாது. இழை என்பது ஒரு செயலாக்கத்தின் உள்ளே நடைபெறும் தனி நிறைவேற்றப் போக்கு ஆகும். ஒரே செயலாக்கத்தில் உள்ள இழைகள் அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து கொள்கின்றன. தனித்தனி வீடுகளில் வாழும் குடும்பங்களைச் செயலாக்கங்களுக்கும், ஒரே வீட்டில் சமையலறையையும் கிணற்றையும் பொதுவாகக் கொண்டு வாழும் குடித்தனங்களை இழைகளுக்கும் ஒப்பிடலாம். இடம் மிச்சமாகும். ஆனால் கிணற்று வாளியை ஒரே நேரத்தில் இருவர் இழுக்கக் கூடாது.

பிஎச்பியின் பின்னணியில் இவ்வேறுபாடு பாதுகாப்புச் சிக்கலாகவும் ஆகின்றது. இணைய வழங்கியில் ஒவ்வொரு வேண்டுகோளும் ஒவ்வொரு பயனருடையது. ஒரு வேண்டுகோளின் மாறி தவறுதலாக மற்றொரு இழைக்குத் தெரிந்துவிட்டால், ஒருவரின் வங்கிக் கணக்கு விவரம் மற்றொருவரின் திரையில் தோன்றலாம். செயலாக்கங்களைப் பயன்படுத்தும்போது இத்தகைய தவறு நேராமல் இயங்குதளமே காக்கின்றது. இழைகளைப் பயன்படுத்தும்போது அந்தக் காவல் முழுவதும் மொழிமாற்றியை எழுதியவரின் பொறுப்பாகின்றது.

வரலாறு

ராசுமசு லெர்டோர்ஃப் 1994 இல் தன் சொந்த இணையப்பக்கத்திற்காகச் சி மொழியில் எழுதிய சிறு நிரல்களிலிருந்து பிஎச்பி வளர்ந்தது. 1995 சூனில் அது பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. ஆண்டி குட்மன்சு, சீவ் சுராசுக்கி ஆகிய இருவரும் மொழிமாற்றியை மீண்டும் எழுத, 1998 இல் பிஎச்பி 3 வெளியானது. அக்காலத்தில் யுனிக்சு வகை இயங்குதளங்களில் பெருவழக்காக இருந்த அப்பாச்சி 1.3 வழங்கி, வேண்டுகோள்களுக்காகப் பல சேய்ச் செயலாக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கும். ஒரு சேய் ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளை மட்டுமே கவனிக்கும். எனவே மொழிமாற்றியின் நிலை அனைத்தையும் சி மொழியின் முழுதளாவிய மாறிகளில் வைத்தாலும் எந்தக் கேடும் இல்லை. இழைகள் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை எழவில்லை.

தேவை விண்டோசு பக்கத்திலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். வழங்கி, தன் ஐ.எசு.ஏ.பி.ஐ. இடைமுகத்தின் வழியாக நீட்சிகளைத் தன் செயலாக்கத்தினுள்ளேயே ஏற்றி, பல இழைகளிலிருந்து ஒரே நேரத்தில் அழைக்கும். யுனிக்சில் உள்ளதுபோல் ஒரு செயலாக்கத்தை அப்படியே படியெடுக்கும் வசதியும் விண்டோசில் இல்லை. பிஎச்பி அங்கு வேகமாக இயங்க வேண்டுமானால் இழைகளைத் தாங்கியே ஆக வேண்டும். 2000 மே மாதத்தில் ஜென்ட் பொறியுடன் வெளிவந்த பிஎச்பி 4 இல் டி.எஸ்.ஆர்.எம். எனப்படும் இழைப் பாதுகாப்பு வள மேலாளர் சேர்க்கப்பட்டது.

2002 இல் வந்த அப்பாச்சி 2.0, இழைகளைப் பயன்படுத்தும் ஒர்க்கர் என்னும் செயல்முறையையும் தந்தது. பிஎச்பியும் விரைவில் அதற்கு மாறிவிடும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அவ்வாறு நிகழவில்லை. பிஎச்பியின் ஆவணங்களே இழை வகை அப்பாச்சியைத் தவிர்க்குமாறு நெடுங்காலம் அறிவுறுத்தி வந்தன. இதற்குக் காரணம் பிஎச்பியின் கரு அன்று. அது இணைத்துக்கொள்ளும் எண்ணற்ற சி நிரலகங்களே. அவற்றுள் எது இழைகளைத் தாங்கும், எது தாங்காது என்பதை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

ஐ.எசு.ஏ.பி.ஐ. வடிவமும் உறுதியற்றது என்ற பெயரையே ஈட்டியது. ஐ.ஐ.எஸ். வழங்கிக்கு ஃபாஸ்ட்சிஜிஐ ஆதரவு கிடைத்த பின்னர், 2009 இல் வெளிவந்த பிஎச்பி 5.3 இல் அது கைவிடப்பட்டது. 2010 இல் பிஎச்பி 5.3.3 உடன் எஃப்.பி.எம். எனப்படும் செயலாக்க மேலாளர் மொழியுடனேயே இணைந்து வந்தது. அதன்பின் லினக்சு வழங்கிகளில் பல செயலாக்க முறையே பொது வழக்காயிற்று. எந்தத் தேவைக்காக இசட்.டி.எஸ். பிறந்ததோ அத்தேவை மறைந்த பிறகும் அது மூலநிரலில் தொடர்ந்து பேணப்பட்டு வந்தது ஒரு வியப்பே. அதன் பயன் பின்னாளில் வேறு திசையிலிருந்து வந்தது.

முழுதளாவிய மாறிகளைப் பிரித்தல்

பிஎச்பி மொழிமாற்றியின் நிலை சில பெரும் கட்டமைப்புகளில் தொகுத்து வைக்கப்பட்டுள்ளது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் நிலை ஒன்றிலும், தொகுப்பியின் நிலை மற்றொன்றிலும், வழங்கியுடனான தொடர்பு இன்னொன்றிலும் இருக்கும். மூலநிரலில் இவை இ.ஜி., சி.ஜி., எஸ்.ஜி. போன்ற ஈரெழுத்து மேக்ரோக்களால் அணுகப்படுகின்றன. இழைப் பாதுகாப்பு இல்லாத வடிவில் இம்மேக்ரோ ஒரு சாதாரண முழுதளாவிய மாறியாக விரிகின்றது. இழைப் பாதுகாப்பு உள்ள வடிவிலோ, "இப்போது இயங்கும் இழைக்குரிய படியைக் கண்டுபிடித்து அதில் பார்" என்னும் கட்டளையாக விரிகின்றது. மேக்ரோவின் பின்னே இவ்வேறுபாட்டை மறைத்ததால்தான் ஒரே மூலநிரல் இரண்டு வடிவங்களுக்கும் பயன்படுகின்றது.

டி.எஸ்.ஆர்.எம். செயற்படும் முறை பின்வருமாறு. வழங்கி தொடங்கும்போது ஒவ்வொரு நீட்சியும் தனக்கு எத்தனை பைட்டு முழுதளாவிய நினைவகம் தேவை என்பதைப் பதிவு செய்து, ஓர் அடையாள எண்ணைப் பெற்றுக்கொள்ளும். பின்னர் ஓர் இழை முதன்முறையாக மொழிமாற்றிக்குள் நுழையும்போது, பதிவான நீட்சிகள் அனைத்திற்கும் அந்த இழைக்கெனத் தனி நினைவகம் ஒதுக்கப்பட்டுத் தொடக்க மதிப்புகள் இடப்படும். இவற்றின் முகவரிகள் ஓர் அட்டவணையில் வைக்கப்படும். அடையாள எண் அவ்வட்டவணையின் வரிசை எண்ணாகப் பயன்படும். இவ்வாறு ஒவ்வோர் இழையும் ஒரு முழுமையான மொழிமாற்றியைத் தனக்கென வைத்திருக்கின்றது. இழைகள் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் அடுப்பையும் பாத்திரங்களையும் தனியே வைத்துக்கொள்வது போன்றது இது.

இப்போது எழும் கேள்வி, நடப்பு இழையின் அட்டவணை எங்கே உள்ளது என்பதை எவ்வாறு அறிவது என்பதாகும். தொடக்கத்தில் இழையின் அடையாளத்தைக் கொண்டு ஒரு பொதுப் பட்டியலில் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாறிக்கும் இவ்வாறு தேடினால் மொழிமாற்றி ஊர்ந்து செல்லும். எனவே அட்டவணையின் சுட்டு, மொழிமாற்றியின் செயற்கூறுகளுக்கு இறுதி உள்ளீடாக ஒன்றிலிருந்து ஒன்றிற்குக் கடத்தப்பட்டது. பிஎச்பி 5 காலத்து மூலநிரலைத் திறந்து பார்த்தவர்கள், செயற்கூறின் வரையறையிலும் அழைப்பிலும் டி.எஸ்.ஆர்.எம்.எல்.எஸ். எனத் தொடங்கும் மேக்ரோக்கள் காற்புள்ளிகூட இல்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பர். காற்புள்ளி மேக்ரோவின் உள்ளேயே இருந்தது. இழைப் பாதுகாப்பு இல்லாத வடிவில் மேக்ரோ வெறுமையாகிவிடுவதால், அதனுடன் காற்புள்ளியும் மறைய வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

இம்முறையின் குறை எளிதில் புலப்படும். நீட்சி எழுதுபவர் ஓரிடத்தில் மேக்ரோவை மறந்தாலும் தன் கணினியில் நிரல் பிழையின்றித் தொகுக்கப்படும். ஏனெனில் அவர் பெரும்பாலும் லினக்சில் இழைப் பாதுகாப்பு இல்லாத வடிவையே வைத்திருப்பார். விண்டோசில் தொகுப்பவருக்குத்தான் பிழை தெரியவரும். மேலும் எல்லா அழைப்புகளிலும் ஒரு கூடுதல் உள்ளீடு சுமக்கப்பட்டதால் வேகமும் குறைந்தது.

2015 இறுதியில் வெளிவந்த பிஎச்பி 7.0 இல் இம்மேக்ரோக்கள் பயனற்றவையாயின. தற்காலத் தொகுப்பிகளும் இயங்குதளங்களும் இழைக்குரிய மாறிகளை நேரடியாகவே தாங்குகின்றன. ஒரு மாறியை இவ்வாறு அறிவித்தால், ஒவ்வோர் இழைக்கும் அதன் தனிப்படி தானாகவே கிடைக்கும். அட்டவணையின் சுட்டு இத்தகைய மாறியில் வைக்கப்பட்டு, ஒவ்வொரு நீட்சியும் அதனைத் தன்னிடத்தில் நினைவில் வைத்துக்கொள்கின்றது. தேடலும் இல்லை, கடத்தலும் இல்லை.

செயலாக்கத்திற்கே உரிய நிலைகள்

மொழிமாற்றியின் மாறிகளைப் பிரித்தால் மட்டும் போதாது. இயங்குதளமும் சி நிரலகமும் செயலாக்கத்திற்கு ஒன்று மட்டுமே எனக் கொடுக்கும் நிலைகள் பல உள்ளன. உண்மையான தொல்லைகள் இங்கேதான் மறைந்திருக்கின்றன.

முதலாவது நடப்பு அடைவு. ஒரு செயலாக்கத்திற்கு ஒரே நடப்பு அடைவுதான் உண்டு. ஓர் இழையில் இயங்கும் நிரல் தன் அடைவை மாற்றினால் எல்லா இழைகளின் அடைவும் மாறிவிடும். அதே நொடியில் மற்றோர் இழை சார்புப் பெயரால் ஒரு கோப்பைத் திறக்க முயன்றால், வேறொரு பயனரின் அடைவில் உள்ள அதே பெயருடைய கோப்பு திறக்கப்படலாம். இதனைத் தவிர்க்க, இழைப் பாதுகாப்பு உள்ள பிஎச்பி மெய்யான நடப்பு அடைவைத் தொடுவதே இல்லை. ஒவ்வோர் இழையும் தன் அடைவின் பெயரை ஓர் எழுத்துச்சரமாக வைத்திருக்கும். கோப்பைக் கையாளும் செயற்கூறுகள் சார்புப் பெயரை அச்சரத்துடன் இணைத்து முழுப்பெயராக்கிய பின்னரே இயங்குதளத்தை அழைக்கும். இது மெய்நிகர் நடப்பு அடைவு எனப்படும். ஆனால் பிஎச்பிக்கு வெளியே உள்ள ஒரு நிரலகம் தானாகக் கோப்பைத் திறந்தால் அதற்கு இந்த ஏற்பாடு தெரியாது.

இரண்டாவது வட்டார அமைப்பு. பிஎச்பியின் செட்லொகேல் செயற்கூறு, சி நிரலகத்தின் அதே பெயருடைய செயற்கூறையே அழைக்கின்றது. அதன் விளைவு முழுச் செயலாக்கத்திற்கும் உரியது. செருமானிய வட்டார அமைப்பில் பதின்மப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடப்படும். ஓர் இழை அவ்வமைப்பிற்கு மாறிய கணத்தில் மற்றோர் இழை ஒரு விலையைத் தரவுத்தள வினவலில் எழுதிக்கொண்டிருந்தால், 12.50 என்பது 12,50 ஆகி வினவலே சிதைந்துவிடும். நிரலைப் பார்த்தால் பிழை எங்குமே தெரியாது. இரண்டாம் முறை இயக்கினால் சரியாகவும் இருக்கும். பிஎச்பியின் கையேடு இச்செயற்கூறின் பக்கத்தில் இது குறித்து எச்சரிக்கின்றது. 2020 இல் வந்த பிஎச்பி 8.0 இல் பதின்ம எண்ணை எழுத்துச்சரமாக மாற்றுவது வட்டார அமைப்பைச் சாராததாக ஆக்கப்பட்டது. இதனால் மேற்கண்ட ஆபத்தின் பெரும்பகுதி நீங்கியது.

வட்டார அமைப்பு ஒற்றை இழையிலும் தொல்லை தந்ததுண்டு. துருக்கிய மொழியில் பேரெழுத்து ஐ என்பதன் சிற்றெழுத்து புள்ளி இல்லாத தனி எழுத்தாகும். பிஎச்பியில் வகுப்புப் பெயர்கள் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. துருக்கிய அமைப்பிற்கு மாறியவுடன் அவ்வெழுத்தைக் கொண்ட வகுப்புகளை மொழிமாற்றியால் கண்டுபிடிக்க இயலாமற்போயிற்று. 2002 இல் அறிவிக்கப்பட்ட இவ்வழு 2013 இல் வந்த பிஎச்பி 5.5 இல்தான் தீர்ந்தது.

மூன்றாவது நேர வரம்பு. ஒரு நிரல் குறித்த நொடிகளுக்கு மேல் இயங்கினால் அதனை நிறுத்துவதற்குப் பிஎச்பி யுனிக்சு கடிகாரச் சைகையைப் பயன்படுத்தி வந்தது. இக்கடிகாரம் செயலாக்கத்திற்கு ஒன்றுதான். பல இழைகள் இருக்கும்போது, ஒன்றன் வரம்பு முடிந்ததற்கான சைகை எந்த இழைக்கு வந்து சேரும் என்று கூற இயலாது. குற்றம் செய்யாத நிரல் கொல்லப்படலாம். 2023 இல் வந்த பிஎச்பி 8.3 முதல், லினக்சின் இழைப் பாதுகாப்பு வடிவில் ஒவ்வோர் இழைக்கும் தனிக் கடிகாரம் இயல்பாகவே வைக்கப்படுகின்றது.

இவை தவிர, சூழல் மாறிகளும் செயலாக்கத்திற்குப் பொதுவானவை. அவற்றைப் படிப்பதும் மாற்றுவதும் பூட்டு ஒன்றின் கீழ் நடைபெறுகின்றன. சி நிரலகத்தின் பழைய செயற்கூறுகள் சில, தம் விடையை நிலையான ஓரிடத்தில் எழுதிவிட்டு அதன் முகவரியைத் திருப்பித் தருபவை. நேரத்தை நாள், மாதம் எனப் பிரித்துத் தரும் செயற்கூறு அத்தகையது. இவற்றிற்கு மாற்றாக, விடைக்கான இடத்தை அழைப்பவரே கொடுக்கும் வடிவங்கள் பயன்படுத்தப்படுகின்றன. அவை இல்லாத இயங்குதளங்களுக்காகப் பிஎச்பி தன் சொந்த வடிவங்களையும் வைத்துள்ளது. பிறர் எழுதிய நிரலகங்களுக்கு இத்தகைய மருந்து இல்லை. மின்னஞ்சல் பெட்டிகளை அணுகும் ஐமேப் நீட்சி சார்ந்திருந்த சி-கிளையன்ட் நிரலகம் இழைகளைத் தாங்காதது. அந்நீட்சி 2024 இல் பிஎச்பி 8.4 உடன் மொழியின் கருவிலிருந்து நீக்கப்பட்டுத் தனியாக வைக்கப்பட்டது.

சுட்டல் எண்ணிக்கை

இழைகள் அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பார்க்கின்றன எனில், ஒரு பிஎச்பி மாறியையே ஏன் இரண்டு இழைகளுக்கும் பொதுவாக வைக்கக்கூடாது? இக்கேள்விக்கு விடை பிஎச்பியின் நினைவக மேலாண்மையில் உள்ளது.

பிஎச்பியில் எழுத்துச்சரம், அணி, பொருள் ஆகிய ஒவ்வொரு மதிப்புடனும் ஓர் எண் இணைந்துள்ளது. அம்மதிப்பை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்பதை அவ்வெண் கூறும். புதிதாக ஓரிடம் சுட்டினால் ஒன்று கூட்டப்படும். ஓரிடம் விலகினால் ஒன்று கழிக்கப்படும். எண் சுழியானால் நினைவகம் விடுவிக்கப்படும். கூட்டுவதும் கழிப்பதும் மொழிமாற்றியில் ஓயாது நடைபெறும் செயல்கள்.

ஒன்றைக் கூட்டுவது நுண்செயலிக்கு மூன்று படிகள் கொண்ட செயல். நினைவகத்திலிருந்து எண்ணைப் படித்தல், ஒன்றைக் கூட்டல், திருப்பி எழுதல் என்பனவே அவை. ஒரு மதிப்பின் எண்ணிக்கை 1 என்று இருக்கும்போது இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் அதனைச் சுட்டத் தொடங்குவதாகக் கொள்வோம். இரண்டும் 1 எனப் படிக்கின்றன. இரண்டும் 2 என எழுதுகின்றன. உண்மையில் சுட்டும் இடங்கள் மூன்று; எழுதப்பட்டிருப்பதோ 2. பின்னர் இருவர் விலகியதும் எண்ணிக்கை சுழியாகி நினைவகம் விடுவிக்கப்படும். மூன்றாமவர் இன்னும் அதனைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார். அவ்விடத்தில் வேறொரு வேண்டுகோளின் தரவு எழுதப்பட்டால், அவர் அதனைப் படிப்பார். வழங்கி முறிந்து விழுவது இதனைவிட நல்ல முடிவு.

நுண்செயலிகள் இம்மூன்று படிகளையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும் கட்டளைகளையும் தருகின்றன. ஆனால் அவை சாதாரணக் கூட்டலைவிடப் பலமடங்கு மெதுவானவை. பல கருக்கள் ஒரே எண்ணிற்காகப் போட்டியிட்டால் இன்னும் மோசமாகும். ஒற்றை இழையில் இயங்கும் நிரல்களும் இவ்விலையைக் கொடுக்க நேரும். பிஎச்பி அதற்கு உடன்படவில்லை. மாறாக, எந்த மதிப்பும் ஓர் இழைக்கு மட்டுமே சொந்தம் என்னும் விதியை வகுத்துக்கொண்டது. நினைவக ஒதுக்கியும் அவ்வாறே. ஒவ்வோர் இழைக்கும் தனிக் குவியல் உண்டு. எனவே நினைவகம் கேட்கும்போது பூட்டு எதுவும் தேவைப்படுவதில்லை. வேண்டுகோள் முடிந்ததும் அக்குவியல் மொத்தமாகக் காலி செய்யப்படுகின்றது.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பிஎச்பி 5.5 முதல் மொழியுடன் வரும் ஆப்கேச் என்னும் பகுதி, தொகுக்கப்பட்ட நிரலைப் பகிர்வு நினைவகத்தில் வைக்கின்றது. அதில் உள்ள எழுத்துச்சரங்களும் மாறா அணிகளும் "மாறாதவை" எனக் குறியிடப்பட்டுள்ளன. அவற்றின் எண்ணிக்கையை எவரும் கூட்டுவதுமில்லை, கழிப்பதுமில்லை. ஒருபோதும் மாறாததைப் பகிர்வதில் ஆபத்து இல்லை.

இதிலிருந்து மற்றொன்றும் புலப்படும். தொகுக்கப்பட்ட நிரல் செயலாக்கங்களுக்கிடையேயும் ஏற்கனவே பகிரப்படுகின்றது. லினக்சில் சேய்ச் செயலாக்கங்கள் தாயின் நினைவகப் பக்கங்களை, மாற்றும்வரை பொதுவாகவே வைத்திருக்கின்றன. எனவே இழைகளுக்கு மாறினால் நினைவகம் பெருமளவில் மிச்சமாகும் என்ற எதிர்பார்ப்பு பிஎச்பியில் அரைகுறையாகவே நிறைவேறுகின்றது. விண்டோசில் நிலைமை வேறு. அங்குப் பகிர்வு நினைவகத்தை எல்லாச் செயலாக்கங்களிலும் ஒரே முகவரியில் இணைக்க வேண்டியிருப்பதால் ஆப்கேச் சில வேளைகளில் தவறிவிடுவதுண்டு. ஒரே செயலாக்கத்தில் பல இழைகள் என்றால் அத்தொல்லை இல்லை.

நிரலருக்குக் கிடைக்கும் இழைகள்

மேற்கூறியவை அனைத்தும் வழங்கி இழைகளைப் பயன்படுத்துவது பற்றியவை. பிஎச்பியில் எழுதும் நிரலர் தாமே இழைகளை உருவாக்க மொழியின் கருவில் வழியில்லை. இதற்கென ஜோ வாட்கின்சு 2012 இல் பி-திரெட்சு என்னும் நீட்சியை வெளியிட்டார். இதில் சில சிறப்புப் பொருள்களை இழைகள் பகிர்ந்துகொள்ள இயலும். அப்பொருள்களின் உறுப்புகள் பூட்டுடன் கூடிய தனி அட்டவணையில் இருக்கும். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மதிப்பு படியெடுக்கப்படும். பார்ப்பதற்குச் சாதாரணப் பொருள்போல் தோன்றினாலும் அது அவ்வாறு நடந்துகொள்வதில்லை. அதன் மூன்றாம் பதிப்பில், பகிர்வுப் பொருளின் உறுப்பில் ஓர் அணியை வைத்தால் அது அணியாக இல்லாமல் வேறொரு பொருளாக மாறிவிடும். இது பலரைக் குழப்பியது. அப்பதிப்பு முதல் கட்டளை வரியில் மட்டுமே இயங்கும்படி நீட்சி கட்டுப்படுத்தப்பட்டது. இணைய வேண்டுகோள் ஒவ்வொன்றும் பல இழைகளைத் தோற்றுவித்தால் வழங்கி தாங்காது என்பதே காரணம். பின்னர் அதன் உருவாக்கம் நிறுத்தப்பட்டது. பாக்கெட்மைன் என்னும் மைன்கிராஃப்ட் விளையாட்டு வழங்கியை உருவாக்குவோர் மட்டும் அதன் கிளை ஒன்றைத் தம் தேவைக்காகத் தொடர்ந்து வளர்த்து வருகின்றனர். பிஎச்பி இழைகளின் குறிப்பிடத்தக்க பயனர் ஓர் இணையத்தளமாக இல்லாமல் விளையாட்டு வழங்கியாக இருப்பது சுவையான செய்தி.

2019 இல் வாட்கின்சே பேரலல் என்னும் புதிய நீட்சியை வெளியிட்டார். இதில் பொருளைப் பகிரும் முயற்சி கைவிடப்பட்டது. நிரலர் ஓர் இயக்கியை உருவாக்குவார். அது தனி இழையில் தனி மொழிமாற்றியுடன் தொடங்கும். அதனிடம் ஒரு செயற்கூறை ஒப்படைத்தால் "எதிர்கால மதிப்பு" ஒன்று திரும்பக் கிடைக்கும். விடை தேவைப்படும்போது அதனைக் கேட்க வேண்டும். அதற்குள் பணி முடியாவிட்டால் கேட்ட இழை காத்திருக்கும். இழைகள் தமக்குள் பேசிக்கொள்ள, கோ மொழியில் உள்ளவை போன்ற தடங்கள் உண்டு. தடத்தில் இடப்படும் மதிப்பு படியெடுக்கப்பட்டே மறுமுனைக்குச் செல்லும். ஒப்படைக்கப்படும் செயற்கூறினுள் புதிய வகுப்பை அறிவிக்கக் கூடாது, வெளி மாறியைச் சுட்டலாகப் பிடிக்கக் கூடாது என்பன போன்ற தடைகளும் உள்ளன. தேவையான வகுப்புகளை ஒவ்வோர் இயக்கியும் தனியே ஏற்றிக்கொள்ள வேண்டும். இத்தடைகள் முதலில் எரிச்சலூட்டினாலும், தவறு நேரக்கூடிய இடங்களை முன்கூட்டியே அடைத்துவிடுகின்றன. இந்நீட்சி இயங்க இழைப் பாதுகாப்பு உள்ள பிஎச்பி கட்டாயம் தேவை.

மீண்டும் வழங்கிகளில்

கெவின் துங்லாசு உருவாக்கிய ஃபிராங்கன்பிஎச்பி, கோ மொழியில் எழுதப்பட்ட கேடி வழங்கியினுள் பிஎச்பியைப் பொதிந்து வைக்கின்றது. இதன் முதல் நிலையான பதிப்பு 2023 திசம்பரில் வெளியானது. கோ நிரல் ஒரே செயலாக்கமாக இயங்குவதால், பிஎச்பி அதனுள் பல இழைகளிலேயே இயங்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளாகப் பெரும்பாலோர் மறந்திருந்த இசட்.டி.எஸ். இவ்வாறு மீண்டும் முன்னணிக்கு வந்தது. மேலே கூறிய தனிக் கடிகாரம் முதலிய திருத்தங்களும் இதன் விளைவாகவே வந்தன. 2025 இல் பிஎச்பி அறக்கட்டளை இத்திட்டத்திற்குத் தன் ஆதரவை அறிவித்தது. இணைநிகழ்வு வசதிகளைத் தரும் சுவூல் நீட்சியும் 2024 இல் வந்த தன் ஆறாம் பதிப்பில் இழைகளைச் சேர்த்துக்கொண்டது.

ஃபிராங்கன்பிஎச்பியின் பணியாளர் முறையில், செயலி ஒருமுறை மட்டும் ஏற்றப்பட்டு அடுத்தடுத்த வேண்டுகோள்களுக்கு நினைவகத்திலேயே நிற்கின்றது. வேகம் கூடுகின்றது. ஆனால் வேண்டுகோள் முடிந்ததும் யாவும் அழிந்துவிடும் என்ற பிஎச்பியின் பழைய உறுதிமொழி இங்குச் செல்லாது. ஒரு வகுப்பின் நிலைமாறியில் நுழைந்த பயனரின் பெயர் எழுதப்பட்டிருந்தால், அடுத்த வேண்டுகோளுக்கும் அது அங்கேயே இருக்கும். மொழிமாற்றி இழைகளை எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் இதனைத் தடுக்க இயலாது. இது நிரலரின் பொறுப்பு.

இம்முறையைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று சி நிரலகத்தின் தெரிவு. சிறிய அளவிற்காக விரும்பப்படும் அல்பைன் லினக்சில் உள்ள மசுல் நிரலகத்துடன், குறிப்பாக இழைப் பாதுகாப்பு வடிவில், பிஎச்பி மெதுவாக இயங்குவதாக அறியப்பட்டுள்ளது. குனூ நிரலகம் பரிந்துரைக்கப்படுகின்றது.

பிற ஆக்கங்களும் பிற மொழிகளும்

ஃபேஸ்புக் நிறுவனம் உருவாக்கிய எச்.எச்.வி.எம். தொடக்கம் முதலே பல்லிழை வழங்கியாக வடிவமைக்கப்பட்டது. அதிலும் ஒரு வேண்டுகோளின் மதிப்புகள் ஓர் இழைக்கே சொந்தம். தொகுக்கப்பட்ட இயந்திர மொழி மட்டும் எல்லா இழைகளுக்கும் பொது. 2019 இல் வந்த அதன் நான்காம் பதிப்பிலிருந்து பிஎச்பி ஆதரவு விலக்கப்பட்டு ஹேக் மொழிக்கு மட்டுமே உரியதாயிற்று. சாவா இயந்திரத்தின் மேல் எழுதப்பட்ட குவெர்கசு, டாட்நெட் மேல் எழுதப்பட்ட ஃபலாஞ்சர் ஆகியவை இழைகளையும் நினைவக மேலாண்மையையும் அடித்தளத்திடமே விட்டுவிட்டன. அவற்றில் சுட்டல் எண்ணிக்கைச் சிக்கல் எழுவதில்லை.

2002 இல் வந்த பெர்ல் 5.8 இன் இழைகளும் பிஎச்பி போன்றே இழைக்கொரு மொழிமாற்றி என்னும் வழியைப் பின்பற்றின. ஆனால் இழை தொடங்கும்போது தாயின் தரவு முழுவதும் படியெடுக்கப்பட்டதால் அவை மிகப் பளுவாயின. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பெர்லின் ஆவணங்கள் அறிவுறுத்துகின்றன. பைத்தான் வேறு வழியில் சென்றது. மொழிமாற்றி முழுவதற்கும் ஒரே பூட்டை வைத்து, ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே பைத்தான் நிரலை இயக்க அனுமதித்தது. 2024 இல் வந்த பைத்தான் 3.13 இல் அப்பூட்டு இல்லாத வடிவம் சோதனை முறையில் தரப்பட்டது. 2025 இன் 3.14 இல் அது முறையான ஆதரவு பெற்ற விருப்பத் தெரிவாயிற்று. அங்குச் சுட்டல் எண்ணிக்கை இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மதிப்பை உருவாக்கிய இழை சாதாரண எண் ஒன்றையும், மற்ற இழைகள் பிரிக்க முடியாத கட்டளைகளால் வேறோர் எண்ணையும் மாற்றுகின்றன. ரூபி மொழி 2020 இல் ரேக்டர் என்னும் தனித்த அலகுகளைச் சேர்த்தது. இவற்றுக்கிடையே மாறாத பொருள்களை மட்டுமே பகிர இயலும்.

தொகுத்தலும் கண்டறிதலும்

பிஎச்பி 7 வரை இவ்வடிவைத் தொகுக்கும் தெரிவின் பெயரில் "பராமரிப்பாளர்" என்னும் சொல் இருந்தது. இது மொழியை உருவாக்குவோருக்கு மட்டுமே உரியது என்று பலரும் எண்ண அப்பெயர் காரணமாயிற்று. பிஎச்பி 8.0 இல் அச்சொல் நீக்கப்பட்டது. விண்டோசிற்கான தொகுப்புகள் டி.எஸ்., என்.டி.எஸ். என இரண்டு வடிவங்களிலும் வழங்கப்படுகின்றன. அப்பாச்சியின் உட்கூறாகப் பயன்படுத்துவோருக்கு முதலாவதும், ஐ.ஐ.எஸ். வழங்கியில் ஃபாஸ்ட்சிஜிஐ வழியாகப் பயன்படுத்துவோருக்கு இரண்டாவதும் ஏற்றவை. நிறுவப்பட்டுள்ள வடிவம் எது என்பதைப் பிஎச்பி தகவல் பக்கத்தில் இழைப் பாதுகாப்பு என்னும் வரியைக் கொண்டோ, நிரலினுள் பிஎச்பி_இசட்.டி.எஸ். என்னும் மாறிலியைக் கொண்டோ அறியலாம். இழைப் பாதுகாப்பு இல்லாத பிஎச்பியை இழை வகை அப்பாச்சியில் ஏற்ற முயன்றால், மீண்டும் தொகுக்குமாறு கூறிவிட்டு வழங்கி தொடங்காமல் நின்றுவிடும்.